பிறந்தநாள் உடுப்பு

மார்ச் பன்னிரண்டு எரிமலையின் பிறந்தநாள். மலைக்குக் கிரகோரியோ என்று பெயர். ஊரார் வருஷாவருஷம் உச்சிக்கு ஏறி, அதற்குப் புதுக் கோட்டும் கால்சட்டையும் வைத்துவிட்டு வருவார்கள். தைப்பவள் எவுலாலியா. அளவு சொல்பவர் பெரியவர் பிதென்சியோ. மலை அவர் கனவில் வந்து சொல்லும்.

இந்த வருஷம் அவர் சொன்ன அளவில் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. எவுலாலியாவின் மகன் நபோருக்கு அப்படித்தான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் மலைமேல் போனவன் திரும்பவில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. அவள் அந்த அளவிலேயே தைத்தாள்.

உச்சியில் மலைவாய் புகைந்துகொண்டிருந்தது. சாம்பல்மேல் துணி விரித்துக் கோழிக்குழம்பும் பழமும் படைத்தார்கள். எவுலாலியா மட்டும் உடுப்பைக் கையிலிருந்து விடவில்லை.

“வச்சிட்டு வா தாயி. அவருக்குக் கோவம் வந்துரப் போவுது,” என்றார் பிதென்சியோ.

“வரட்டுமேண்ணே. எனக்கு அஞ்சு வருஷமா இருக்கு. இது எம்புள்ள அளவு. அவன் வீட்டுக்கு வந்து போட்டுக்கட்டும்.”

“மலைகிட்டயே பேரம் பேசுறியா?”

“பேரம் இல்ல. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

பள்ளத்தைப் பார்த்து, சாப்பிடக் கூப்பிடும் குரலில், “டேய் நபோர், கெளம்பு,” என்றாள். உடுப்போடு திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அடிவாரத்தில் லாரி நிரம்பி, பலர் நின்றுகொண்டிருந்தார்கள். எவுலாலியா உட்கார்ந்து, தன் பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டு, “ஆள் வருது,” என்றாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. டிரைவரும் வண்டியை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, எதிரே உட்கார்ந்திருந்த பிதென்சியோ முழங்காலை ஒதுக்கி யாருக்கோ வழிவிட்டார். எவுலாலியா கையை எடுத்தாள்.