ஆறடி தள்ளி

"திருட வந்தவளுக்கா நான் ரொட்டி சுட்டுப் போட்டேன்?" என்றாள் வெர்லா.

சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் பிரின் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். சால்ட் லேக் நகரத்திலிருந்து மலையேற வந்த பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். நடுவே, விரித்த போர்வைமேல் அந்தப் பானை. தலையளவு, வெள்ளையில் கறுப்புப் படிக்கட்டுக் கோடுகள், விளிம்பில் பிறை போல ஓர் உடைசல்.

பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரும் பாதையில், அவள் இரவில் புகுந்து படுக்கும் தூக்கப் பைக்குள் இருந்து அதை எடுத்தவன் வனக்காவல் ரேஞ்சர் லோரன். அந்த மண்ணின் பழங்குடியான ஹோப்பி இனத்தவன். எண்ணூறு வருஷத்துக்கு முன் அவனுடைய முன்னோர் பாறைக் குடைவில் விட்டுப்போன பானை என்பதால், துணியுறை மாட்டிய கையோடுதான் பக்கத்திலேயே நின்றான்.

"மேடம், நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சேன்" என்றாள் பிரின். "காஞ்ச ஓடையிலயும் கல்லு மேலயும்தான் நடந்தேன். மிதிச்சா செத்துப்போகும்னீங்களே, அந்த உயிருள்ள கருமண்ணை மிதிக்கல. படம் எடுத்து எங்கயும் போடல. அதைப் பார்த்ததும்தான்... என்னமோ புத்தி கெட்டுப்போச்சு."

"ஆமாமா. மண்ணுக்கு மரியாதை, பானைக்குத் தூக்கப் பை!"

லோரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டான்.

வெர்லா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். அவள் கணவர் ஆர்வல் வனைந்தது. அவர் வனைகிற எதற்கும் அடியில் கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்திவிடுவார். இளவயதில் முள்கம்பி கிழித்த தழும்பு அந்தக் குழியில் சாய்வாக விழுந்திருக்கும். அவர் போன இந்த எட்டு மாதமாக அவளுடைய விரல் தானாக அங்கே போய்விடுகிறது.

"அவர் இருந்தவரைக்கும் யாருக்கும் வழி சொன்னதில்ல, லோரன். நான்தான் ஓட்டை வாய். ஒரு வேளை சாப்பாட்டுல எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"உங்க மேல என்ன தப்பு, வெர்லாம்மா? அவர் மாதிரி காவல் காக்க யாரால முடியும்? என்னையே கிட்ட விடமாட்டாரே. 'உன் தாத்தன் பானைதாம்பா, இல்லங்கல. ஆனா ஆறடி'ம்பார்."

"எனக்கும் அதேதான். மூச்சுக்காத்துகூட படக்கூடாதும்பார். கட்டின பொண்டாட்டி மூச்சு!"

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களைக்கூட ஆர்வல் ஆறடிக்கு அப்பால்தான் நிறுத்திவைத்தார். அவர்களும் அவர் கையைக் குலுக்கி, மரியாதையோடு திரும்பிப் போனார்கள்.

லோரன் ஒரு தாளை அவள் முன் நகர்த்தினான். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இதுதான் அந்தப் பானைன்னு. கேஸ் நிக்கும், இவ உள்ள போவா. அப்புறம் நானே கொண்டுபோய் எடுத்த எடத்துல வச்சிடுவேன்."

பிரின் நிமிர்ந்தாள். முகமெல்லாம் ஈரம். வெர்லா அவளைப் பார்க்கவில்லை.

ஆர்வலின் படத்தொகுப்பைத் திறந்தாள். அந்தப் பானையை மாதம் ஒரு படம், ஒரே பாறைமேல் நின்று எடுத்தது, இருபத்தேழு வருஷம். வீட்டுக்குப் பின்னால் சூளை கட்டி முடித்த கையோடு அவர் ஏற்றுக்கொண்ட காவல். சம்பளம் கிடையாது, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் படத்தில் இருந்த பிறையையும் மேசைமேல் இருந்த பிறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதேதான். அதே உடைசல்." பேனாவை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம், அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துடறேன்" என்றான் லோரன். "இத்தனை வருஷத்துல யாரும் பார்க்காத பக்கமில்லையா?"

குழந்தையைப் புரட்டுவதுபோலப் புரட்டினான். படம் எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

"வெர்லாம்மா, நடுவுல ஒரு குழி. விரல் வச்சு அழுத்தியிருக்கா. உள்ள குறுக்கால சாய்வா ஒரு கோடு வேற." அவன் பானையை வெளிச்சத்துக்குச் சாய்த்தான். "எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பானை இல்ல, காலடி. இந்த வழியா வந்தோம்னு அவங்க விட்டுட்டுப் போன காலடி. எந்தக் கிழவியோ தன் கைத்தழும்பையே விட்டுட்டுப் போயிருக்கா பாருங்க."

உறையைக் கழற்றி, ஒரே ஒரு விரலால் அந்தக் குழியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வெர்லா எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோப்பைக்கு அடியில் அவளுடைய விரல் அந்தச் சாய்ந்த கோட்டின் மேலேயே நின்றிருந்தது.

ஆறடி.

தாள் முன்னால் இருந்தது. பேனா கையில் இருந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால், பானை மறுபடி பாறைக் குடைவுக்குப் போய்விடும். ஆர்வல் எப்போதும்போல ஆர்வலாகவே இருப்பார். எதிரே அந்தப் பெண் சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்லா பேனாவை மூடி, தாளின்மேல் வைத்தாள்.

"அவளை விட்டுடு, லோரன். அது எங்க வீட்டுப் பானை."