வெளுக்காத சாயம்

அம்மா சமையலறை மேசைமேல் நான்கு சாயப் பாக்கெட்டுகளைக் கடை பரப்பி வைத்திருந்தாள்.

மகள் பல் டாக்டர். நாற்பத்திரண்டு வயதிலேயே பாதித் தலை வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதானே, சாப்பிட்டுத் தூங்கலாம் என்று அம்மா வீட்டுக்கு வந்தவளை முக்காலியில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டையும் கட்டியாகிவிட்டது.

அம்மாவின் தலை ஏற்கெனவே கருகருவென்று இருந்தது. வயது அறுபத்து மூன்று என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐந்து மணிக்கு நீச்சல் வகுப்புத் தோழிகள் இருவர் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்களாம். அதற்குள் மகளின் தலையை ஒரு வழி பண்ணியாக வேண்டுமாம்.

அவர்கள் வருவதற்கும் தன் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டாள். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்றாள் அம்மா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

முதலில் பொடி. தண்ணீரில் குழைத்துத் தடவினால் அரை மணியில் கருத்துவிடும். போன தடவை அது பட்டு நெற்றியெல்லாம் தடித்துப்போய், மாஸ்க் போட்டும் மறைக்க முடியாமல் நின்றதை மகள் நினைவூட்டினாள்.

அடுத்தது மருதாணி. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்று மணி நேரம் ஊற வேண்டும். நரைத்த முடி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். தலையில் தீப்பிடித்த டாக்டரிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

ஷாம்பூ என்றால் பத்தே நிமிடம் என்று சொல்லி அம்மா உறையைக் கிழிக்கப் போனாள். அதைத் தேய்த்து அம்மா குளித்த மறுநாள் குளியலறைச் சுவருக்கு வெள்ளையடித்தது யார் என்று மகள் விசாரித்தாள். உறை கீழே போனது.

மிஞ்சியது க்ரீம். வாடை வராது, நிறமும் ஒட்டவைத்த மாதிரி தெரியாது. அம்மா கிண்ணமும் பிரஷ்ஷுமாகக் கிட்டே வந்துவிட்டாள். மகள் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே தலையில் போட வேண்டும் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"நரைச்சா நரைச்சுட்டுப் போகட்டும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம். மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துண்டை அவிழ்த்து உதறினாள்.

இத்தனை சுலபத்தில் அம்மா விட்டுக்கொடுத்து மகள் பார்த்ததே இல்லை.

அழைப்பு மணி அடித்தது.

வந்த இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. உள்ளே நுழைந்ததும் ஒருத்தி அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜாடை அப்படியே உரித்து வைத்திருக்கிறதே, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மாவுக்கு நாக்குத் தடுமாறவில்லை. மகளின் நரைத்த தலையை வாஞ்சையோடு தடவினாள்.

"எங்க அக்கா. பல் டாக்டர்."

ஏதாவது ஒரு பாக்கெட்டுக்குத் தலையைக் கொடுத்திருந்தால் தங்கச்சியாகவாவது தப்பித்திருக்கலாம் என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தோழிகள் இருவரும் உட்காராமல், பெரியவர் முதலில் உட்காரட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். தொண்டை வரை வந்த 'அம்மா'வை விழுங்கிக்கொண்டு, மகள் நிதானமாக நடந்துபோய் சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? போய் எல்லாருக்கும் காபி போட்டு எடுத்துக்கிட்டு வா."