நாலு கொம்புப் பெட்டி

"பெட்டியில எத்தனை விளக்கு எரியுது சார்?"

"மூணு பச்சை, ஒரு சிவப்பு," என்றான் அவன், போனைக் காதில் வைத்தபடி டி.வி.க்குப் பின்னால் தலையை நுழைத்து. "மேடம், இந்த விசாரணையெல்லாம் வேண்டாம். நெட் பெட்டி கிழடாயிடுச்சு. கடையில கொம்பு மாதிரி நாலு ஆன்டெனா வெச்சுப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. அதை வாங்கி மாட்டிடவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

மணி பத்து. பன்னிரண்டு மணிக்கு அவனுக்கு வீடியோவில் பதவி உயர்வு நேர்காணல். போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. முதல் கேள்விக்கு அவன் வாயைத் திறந்த நேரம் பார்த்து நெட் நின்றது. பிளந்த வாயோடு திரையில் உறைந்துபோன அவன் முகத்தை மேலதிகாரிகள் நாலு பேர் ஐந்து நிமிடம் தரிசித்தார்கள். இன்றும் சொதப்பினால் அந்த நாற்காலி பக்கத்து மேஜைக்காரனுக்குத்தான்.

புதுப் பெட்டி வாங்கச் செருப்பை மாட்டியவனை மனைவிதான் தடுத்தாள். "அதுக்கு முன்னாடி இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க" என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு வேலை நேரம். அந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"நாலு கொம்பு என்ன சார், நாற்பது கொம்பு வெச்சாலும் வழியில தடை இருந்தா சிக்னல் வராது," என்றாள் சேவை மையப் பெண். "சமையல் மேடையில எவர்சில்வர் பாத்திரம் ஏதாவது குவிஞ்சு கிடக்கா?"

எட்டிப் பார்த்தான். கிடந்தது. நேற்று அவன் கழுவுகிறேன் என்று சொன்னதிலிருந்து கிடந்தது.

"உலோகம் சிக்னலைத் திருப்பி அடிச்சிடும் சார். கழுவித் துடைச்சு அலமாரிக்குள்ள அடுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"சும்மா தள்ளி வெச்சாப் போதாதா?"

"பிசுக்கோட தள்ளி வெச்சா என்ன பிரயோசனம் சார்?"

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கழுவி முடித்தான்.

"அடுத்து, நாற்காலி முதுகுல ஈரத் துண்டு இருக்கும். தண்ணி சிக்னலைக் குடிச்சிடும். எடுத்துக் கொடியில போடுங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

"ஆம்பளைங்க கூப்பிடுற எல்லா வீட்லயும் இருக்கும் சார். இப்ப ஒரு துணி எடுத்துப் பெட்டியைத் துடைங்க. தூசி அடைச்சா சூடாயிடும்."

விரல்கடைத் தூசி. துடைக்கத் துடைக்கக் கம்பெனி பெயர் பளிச்சென்று வெளியே வந்தது.

"வீட்ல வேற யாராவது இந்த லைனை யூஸ் பண்றாங்களா சார்?"

"இல்லைங்க. வொய்ஃப் உள்ள வேலை பார்க்கிறா. ஆனா அவளுக்கு ஆபீஸ்லயே தனி லைன் குடுத்திருக்காங்க."

"ஓ! மேடம் என்ன வேலை பார்க்கிறாங்க?"

"என்ன பெரிய வேலை? நாள் பூரா யார்கிட்டயாவது பேசிட்டே இருக்கணும். அதை அவளுக்குச் சொல்லியா குடுக்கணும்!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். "சேர்ந்து நாலு மாசம் ஆச்சு."

"எந்தக் கம்பெனி சார்?"

"ஏதோ பேர் சொன்னா... வாயில வரமாட்டேங்குது."



"ஒரு நிமிஷம் சார். மேலிடத்துல கேட்டுட்டு வர்றேன்."

போனில் இசை ஒலித்தது. பிறகு நின்றது.

"சார், உங்க வீட்ல பரண் இருக்கா?"

"பரணா? அது எதுக்குங்க?"

"அடைப்பு நாங்க நினைச்சதை விடப் பெருசுன்னு மேலிடத்துல சொல்றாங்க சார். ஏறுங்க."

ஏறினான். ஓட்டை வாளி, உடைந்த குடை, மூன்று வருடத்துப் பழைய பேப்பர் எல்லாம் இறங்கின. ஃபேன் இறக்கைகள் குளித்தன. கண்ணாடி சிக்னலைத் திசைதிருப்பும் என்று ஜன்னல்கள் துடைக்கப்பட்டன.

"பாத்ரூம் எதுக்குங்க?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டான்.

"ஈரம் சார், ஈரம்! பிரஷ் இருக்குல்ல?"

பதினொன்றே முக்கால். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓடிவந்து பெட்டியைப் பார்த்தான்.

"அய்யோ! சிவப்பு விளக்கு அப்படியேதாங்க எரியுது! என் வேலையே போச்சு!"

"பதறாதீங்க சார். கடைசியா ஒண்ணே ஒண்ணு. பெட்டி சுவிட்சை அணைச்சு, பத்து வரைக்கும் எண்ணி, மறுபடி போடுங்க."

போட்டான். நாலு விளக்கும் பச்சை. லேப்டாப்பில் படம் தண்ணீராக ஓடியது. அவனுக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது.

"ஏங்க, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மத்ததெல்லாம் செஞ்சிருப்பீங்களா சார்? லைன்ல இருங்க, எங்க சூப்பர்வைசர் பேசுறாங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. காதில் ஹெட்போனோடு மனைவி நிலைப்படியில் நின்று, பளபளத்த ஹாலை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள்.

"வணக்கம் சார்," என்று எதிரே நின்ற அவளும் அவன் காதிலிருந்த போனும் ஒரே குரலில் சொன்னார்கள். "வாயில வராத அந்தக் கம்பெனிப் பேரு நீங்க துடைச்ச பெட்டி மேலயே எழுதியிருக்கு, கொஞ்சம் சத்தமாப் படிங்க!"