இரண்டாவது மைக்

"இன்னொரு தடவை போடுண்ணே" என்றாள் தங்கை.

மறுபடியும் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடு அசைந்தது. தன் குரலையே அப்படி ஆசையாகக் கேட்டு அவளை நான் பார்த்ததில்லை.

பாவம், கேட்க வாய்த்ததும் இல்லை. கோரஸ் பாடியே காலம் போய்விட்டது. அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் நின்று ஆ, ஓ என்று இழுக்கிற வேலை. தனியாக ஒரு வரி பாட வா என்று எவனும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். உயிர் மிஞ்சும், பேச்சு மிஞ்சாது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அன்று மத்தியானம் வரச் சொன்னேன். மகளுக்காக அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதையாவது உருப்படியாகப் பதிவு செய்து வைத்துவிடலாம் என்று ஆசை.

என் ஸ்டூடியோ என்பது மாடி அறை. சுவரில் சாய்த்த மெத்தை, ஜன்னலில் கம்பளி, அலமாரி நிறையப் பழைய மைக்குகள். யார் யாரோ கழித்துக்கட்டியதை எல்லாம் பழைய சாமான் கடையில் பொறுக்கிக்கொண்டு வருகிறவன் நான். ஒருநாள் என்னையும் அந்தக் கடையிலேயே போட்டுவிட்டு வரப்போவதாக என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் கிடக்கட்டும். இந்தக் கிழட்டு மைக்குகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. காது மந்தம். கூரான சத்தம் எதுவும் ஏறாது. புது மைக் அப்படி இல்லை. வாத்தியார் மாதிரி சின்னத் தப்பைக்கூட விடாது.

தங்கையின் குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உரசியது. அதனால் வேண்டுமென்றே, பழைய டேப் ரெக்கார்டரோடு வந்த ஒரு பிளாஸ்டிக் மைக்கை எடுத்தேன். வாய்க்கு ஒட்டினாற்போல் வைத்தேன். பாப்பா பக்கத்தில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு மெல்லப் பாடு என்றேன்.

ஆனால் பழசை மட்டும் நம்பி யாரையும் பாட வைக்க மாட்டேன். பாதியில் உயிரை விட்டுவிடும். பக்கத்தில் ஒரு புது மைக்கையும் ஓடவிடுவது என் தொழில் பழக்கம். பழசு ஒழுங்காக வேலை செய்துவிட்டால் அந்த இரண்டாவது பதிவை நான் கேட்பதுகூட இல்லை.

அன்று பழசு ஏமாற்றவில்லை. கரகரப்பை மழுப்பி, கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இருந்த குரலை எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தது.

இரண்டாம் தடவையும் பாட்டைக் கேட்டு முடித்துக் கண்ணைத் திறந்தாள். வியாதி வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. குரல் நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர் அவசரப்படுகிறார், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கினாள். கீழே காத்திருந்த மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேவிட்டாள்.

ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டேன்.

தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நானும்தான் கூட இருந்தேன். எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன். அதட்டியும் பார்த்தேன். அவள் ஸ்பீக்கரைக் காட்டினாள்.

"உன் காதாலதானே கேட்ட? இதுல என்ன குறை, நீயே சொல்லு."

நான் வாயால் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

உட்காரச் சொன்னேன். இரண்டாவது மைக்கின் பதிவைப் போட்டேன்.

அதே பாட்டு. அதே மூச்சில் பாடியது. முதல் வரியிலேயே அவள் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. குரல் கரகரவென்று உரசிக்கொண்டே வந்தது. வரிக்கு வரி உடைந்தது. மகளின் பெயர் வருகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

நிறுத்தப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். கடைசி வரை கேட்டாள்.

சின்ன வயதில்கூட நான் அவளை அடித்ததில்லை. அன்று அடித்துவிட்டது போல இருந்தது.

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் கேட்டுட்டு இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

பாப்பாவுக்குமா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இனி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தது. அந்த நிம்மதியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அவளை உள்ளே கொண்டுபோன பிறகு மாப்பிள்ளை என்னை ஓரமாகக் கூப்பிட்டார். உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா மச்சான் என்று கேட்டார்.

என் வீட்டிலிருந்து போனதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பாப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு, பேசும்மா, பேசும்மா என்று அழுதிருக்கிறாள். இவள், குழந்தை தூங்கும் வரை முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறாள். வாயைத் திறக்கவே இல்லையாம்.

டாக்டர் அப்போதுதான் எங்களைக் கடந்து உள்ளே போனார்.

முந்தின ராத்திரி முழுக்க அவளுக்குக் குரல் இருந்தது.