மருந்து குறைத்த தோட்டாக்கள்

மாக்ஸீன் ஐம்பது தோட்டாக்களை என் முன்னால் வைத்துவிட்டு, "சுடு" என்றாள்.

நான் துப்பாக்கியைத் தொட்டு எட்டு மாதமாகியிருந்தது. புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்த பிறகு, அந்தத் தோளில் கைப்பையை மாட்டினால்கூட உயிர் போகும். என் துப்பாக்கியோ முதல் உலகப் போரில் சிப்பாய்கள் தூக்கியது. கழுதை மாதிரி உதைக்கும். விற்றுவிடலாம் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன்.

அது எப்படியோ மாக்ஸீன் காதுக்குப் போய்விட்டது.

எங்கள் சுடும் சங்கத்தில் ஆறு வருடமாக நான் முதல், அவள் இரண்டாவது. முகம் கொடுத்துப் பேசமாட்டாள். நான் விலகினால் அவளுக்குத்தான் கொண்டாட்டம் என்று நினைத்திருந்தேன்.

அவள் தன் கொட்டகையில் பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, குண்டு ஒவ்வொன்றுக்கும் மெழுகு தடவி, வெடிமருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்து இவற்றைச் செய்திருந்தாள்.

"உதைக்காதா?"

"உதைச்சா என்னைத் திருப்பி உதை. படுடி ஆர்லிஸ்."

பாயில் குப்புறப் படுத்தேன். டகோட்டா சமவெளியின் காற்று புல்லைச் சீவிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தேன்.

யாரோ தோளில் லேசாகத் தட்டியது போல இருந்தது. அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுட்டேன். இலக்குப் பலகைக்குக் கீழே மண் பறந்தது.

"குறிபார்க்கிற பின்குறியை மூணு கோடு ஏத்து. இது மெதுவாப் போகும், தாழ்ந்துதான் விழும்."

ஏற்றினேன். மூன்றாவது குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

நான்காவதைச் சுட்டபோதுதான் அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. வெடி மாதிரி இல்லை, தும்மல் மாதிரி. பக்கத்துப் பாயிலிருந்து வருடக்கணக்காக நான் கேட்ட சத்தம். மாக்ஸீன் துப்பாக்கிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி, சங்கம் முழுவதையும் சிரிக்க வைத்தவளே நான்தான்.

திரும்பி அவளைப் பார்த்தேன்.

அவள் என்னருகே மண்டியிட்டாள். என் கையை எடுத்துத் தன் கோட்டுக்குள், வலப்பக்கம் வைத்துக்கொண்டாள். சட்டைக்கு அடியில், மார்பு இருக்கவேண்டிய இடத்தில், மடித்த துணிதான் இருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம அடுத்ததைப் போடு" என்றாள்.