இருபத்தாறும் நாலும்

கடைசிக் கேனையும் கவிழ்த்தாயிற்று.

ஆறடி மீன்தொட்டியில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. கண்ணாடிக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு.

அந்தத் தெளிவுதான் அவனை உட்காரவிடவில்லை.

முப்பது கேன். கடல் தண்ணீரை லிஃப்டில் ஏற்றினால் துருப்பிடிக்கும் என்று அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி போர்டு மாட்டியிருந்தார். மூன்று மாடியும் தோளில்தான். முழங்கால் இரண்டும் கழன்று கையில் வந்துவிடும்போல இருந்தது. ஆனாலும் நின்றான். ஜன்னல்வரை போனான். வந்தான். தொட்டியைப் பார்த்தான். மறுபடி ஜன்னலுக்குப் போனான்.

"உக்காருங்கண்ணே. உங்களப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்றாள் வீட்டுக்காரி தாரணி. மோர் டம்ளரை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா."

வாங்கிக்கொண்டான். குடிக்காமலே ஜன்னல் திட்டில் வைத்தான்.

அவள் புருஷன் சுகந்தன் சார் ஒரு சொட்டுத் தண்ணீரை உப்பு பார்க்கும் குழாயில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மிதான். மழை பெஞ்சிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். நாம சரி பண்ணிக்கலாம்."

அவன் தேடிக்கொண்டிருந்த சாக்குப்போக்கை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அவனுக்கு அது கனத்தது.

பழைய மூன்றடித் தொட்டிக்கு மாதம் இரண்டு கேன் மாற்றினால் போதும். ஏழு வருஷமாக அவன்தான் கொண்டுவருகிறான். அலை தாண்டி, நீலம் கருக்கிற இடம்வரை படகில் போய் மொண்டு வருவான். கரையில் மொள்ளமாட்டான். ஒருநாளும் மொண்டதில்லை.

இன்றைக்குக் காலையில் செபஸ்தியான் படகில் இருபத்தாறு கேனுக்குத்தான் இடம் இருந்தது.

"இன்னொரு நடையெல்லாம் ஆவாது மாப்ள. ஏலம் முடிஞ்சுரும்."

செபஸ்தியான் மீன்கூடையோடு போய்விட்டான். மீதி நாலு கேன் மணலில் காலியாகக் கிடந்தன. ரோட்டில் வண்டிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

பக்கத்திலேயே முகத்துவாரம். இரண்டு நாள் மழையில் ஊர்ச் சாக்கடையை எல்லாம் வழித்துக்கொண்டு ஆறு கடலில் விழுந்துகொண்டிருந்தது.

இடுப்பளவு இறங்கினான்.

மூன்று மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. காலால் ஒதுக்கிவிட்டுக் கேனை அமுக்கினான்.

இருபத்தாறோடு நாலு. என்ன ஆகிவிடப் போகிறது?

எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். அவன் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மேலே சார் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நாலும் எப்போது உள்ளே போயின என்று அவனுக்கே தெரியாது.

யாரும் பார்க்காத நேரம் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

உப்பு. உப்பு மட்டும்.

நாக்குக்கு அதற்கு மேல் படிப்பில்லை.

பால்கனியில் ஒரு மாதம் ஊறிய பாறைகளை உள்ளே அடுக்கியிருந்தார்கள். நீல விளக்கு எரிந்தது. பழைய தொட்டியில், பூப்போல விரிந்து அசையும் கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி எட்டிப் பார்த்தது. இந்த இரண்டுக்கும்தான் இவ்வளவும்.

"மீனுக்கு ஹாலைக் குடுத்தாச்சு" என்றாள் தாரணி. "அடுத்து என்னைத்தான் பால்கனிக்கு அனுப்புவாரு."

சார் அந்த ஜோடியைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து, புதுத் தண்ணீரில் மிதக்கவிட்டார். சூடு சமமாக வேண்டுமாம். அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் அவன் காலிக் கேன்களை இரண்டு முறை அடுக்கினான். இரண்டு முறை கலைத்தான். துடைத்த தரையையே துடைத்தான். சொல்லிவிடலாமா என்று சார் பக்கம் போனான். திரும்பி வந்தான்.

சார் டப்பாவைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

"நீங்கதான் விடணும். போன தொட்டிக்கும் நீங்கதான விட்டீங்க? ஏழு வருஷம், ஒண்ணு சாகல. கைராசிண்ணே உங்களுக்கு."

தாரணி படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

டப்பாவுக்குள் பெரியது பெட்டை. சின்னதைப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னே நின்றது. அதன் செவுள் அடித்துக்கொள்வது அவன் விரலில் தட்டுவதுபோல இருந்தது.

சொன்னால் ஏழு வருஷம் ஒரு வார்த்தையில் போய்விடும். நாளைக்கு வேறொருவன் இந்தப் படியில் ஏறுவான்.

சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. புதுத் தொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். சார் அழுவார். அவனுக்கு மோர் கொடுப்பார்கள்.

பெட்டை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முன்னால் வந்து நின்றது.

அவன் திரும்பினான். பழைய தொட்டியை நோக்கி நடந்தான்.

"அண்ணே! அண்ணே, அதில்ல, அது பழசு!" சார் கைதட்டிச் சிரித்தார். "பாவம், மாடி ஏறி ஏறி மனுசனுக்குத் தலை சுத்திருச்சு."

தாரணியும் சிரித்தாள். போன் அவன் பக்கமே இருந்தது.

டப்பாவைச் சாய்த்தான்.

இரண்டும் விருட்டென்று சாமந்திக்குள் புகுந்துகொண்டன.

சிரிப்பு அடங்கட்டும், சொல்லலாம் என்று, முதுகைக் காட்டியபடியே நின்றான்.