உறைக்குத் தெரியாதது

"மாமா, தினமும் காலையில மொட்டை மாடிக்குப் போறீங்களா?"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் மருமகள்.

"நானா? கட்டிலை விட்டு இறங்கவே உங்க அத்தை தோள் வேணும். நீ வேற."

அவர் வலது காலில் இருந்தது, அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பின்னிய முழங்கால் உறை. பருத்தியோடு பருத்தியாக, வெள்ளி பூசிய நூல் அதில் ஓடியது. மூட்டுக்கு இதமாகச் சூடு கொடுக்கும். முழங்கால் எத்தனை முறை மடங்கியது, எவ்வளவு மடங்கியது என்று ஒன்றுவிடாமல் குறித்தும் வைக்கும். போன மாதம் அவள் கொண்டுவந்தபோது மாமியார் தடவித் தடவிப் பார்த்து, "துணிக்கே உசிரு வந்துடுச்சே" என்று மூக்கின் மேல் விரலை வைத்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். இன்னும் அந்த மாமியார்தான் இருவேளையும் தரையில் உட்கார்ந்து, கணவரின் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிறார். வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மருமகளுக்கு அதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அலை அலையாக ஒரு கோடு.

"காலை அஞ்சே முக்கால். பதினெட்டுப் படி ஏறியிருக்கீங்க. அரை மணி நேரம் நடை. அப்புறம் இறக்கம். இருபது நாளா இதே கதை. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடுமா, மாமா?"

குளிருக்கு இதமாக இருந்ததால் போட்டுக்கொண்டு போனாராம். செல்போனைப் பக்கத்தில் வைத்தால்தான் அது குறிக்கும் என்று நினைத்தாராம். "பதினெட்டுப் படியையும் இது எண்ணியிருக்கே," என்றார், பிடிபட்டதையே மறந்து.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. இந்த மாதிரி உறை இதுவரை செய்திருப்பதே நான்கு. அடியெடுத்து வைக்க முடியாத ஒருவர் இதற்காகக் காத்திருக்கிறார் என்றாள். தானே மூட்டு தேய்ந்து கிடக்கும் அத்தையைத் தரையில் உட்கார வைத்து, ராஜா மாதிரி கால் நீட்ட எப்படி மனசு வருகிறது என்றும் கேட்டுவிட்டாள்.

"அத்தைகிட்ட இப்பவே சொல்லப்போறேன்."

அவர் கையமர்த்தினார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் கவனித்தார். பிறகு உறையைக் கழற்றி, சூடு ஆறுமுன் அவள் கையில் வைத்தார்.

"இதைத் தேவையானவங்களுக்குக் கொடும்மா. என் கால் மட்டும் இன்னும் சரியாகலைன்னே இருக்கட்டும்."

"ஏன் மாமா?"

"முந்தாநாள் அவளுக்கு நம்ம வீட்டுக் கதவு எதுன்னு தெரியலை. என் பேரும் வரலை. ஆனா இந்தக் காலை மடியில வெச்சுட்டா, முப்பது வரைக்கும் ஒரு எண் தப்பாம எண்ணுறா."